வடையெண்ணெயில் ஓடிய கார்

அந்த மூன்று வாரமும் நான் என் கணவரிடம் ஒழுங்காகப் பேசவில்லை. பேசியதெல்லாம் ஏச்சுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு என்னைப் பொறுமைசாலி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீடு சாஆ என்ற சின்ன ஊரில். அவருக்கு டயாலிசிஸ் குளுவாங் நகரத்தில். பக்கத்தில் எங்கும் இடம் கிடைக்கவில்லை. பெயர் எழுதிவைத்துக் காத்திருந்தபோது குளுவாங்கில் ஒரு நாற்காலி காலியானது. எப்படிக் காலியானது என்று நாங்கள் கேட்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி, காலை பதினொன்றிலிருந்து மாலை மூன்று வரை அந்த நாற்காலி அவருடையது. மூன்று மணிக்கு அதைத் துடைத்து இன்னொருவரை உட்கார வைப்பார்கள். அரை மணி தாமதமாகப் போனால் நமக்கு மூன்றரை மணி நேரம்தான். விட்டுப்போன அரை மணியை யாரும் திருப்பித் தர முடியாது. அந்த அளவுக்கு நீர் உடம்பிலேயே தங்கிவிடும். முதல் தடவை அது காலில் தெரியும். அடுத்த தடவை மூச்சில் தெரியும்.

வீட்டிலிருந்து குளுவாங்குக்கு ஒரு மணிக்கு மேல் ஓட வேண்டும். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கிப் போகும் சாலை, பாதி வழியில் கைப்பேசிக்குச் சிக்னல்கூடக் கிடையாது. கார் ஓட்டுவது நான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் கியர் மாற்றும் விதத்துக்கு முகம் சுளிப்பார். முப்பது வருடம் தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் டிராக்டரும் லோரியும் பழுது பார்த்தவர். அவருக்கு ஒரு இயந்திரம் ஓடினால் மட்டும் போதாது, சுகமாக ஓட வேண்டும்.

அந்தக் காரை ஆறு வருடத்துக்கு முன்னால் பழையதாக வாங்கினோம். ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. அதற்கு எண்ணெய் கொடுத்தது என் கடை. பள்ளிக்கூடச் சாலையில் ஒரு தள்ளுவண்டியும் இரண்டு மேசையும் போட்டுக் காலையில் வடையும், பிசாங் கோரேங் என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் பொரிக்கிறேன், டீயும் உண்டு. நான்கைந்து நாள் பொரித்தபின் எண்ணெய் கறுத்துவிடும். அதைக் கொட்ட மனமில்லாமல் அவர் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு பயோடீசல் செய்யத் தொடங்கினார். எண்ணெயில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து சூடாக்குவார். அடியில் தங்கும் கிளிசரினைப் பிரித்து எடுப்பார். மேலே நிற்பதைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் காயவைத்து, சன்னமான இரும்பு வலையில் வடிகட்டி, டின்னில் அடைப்பார். தெளிந்த டீ மாதிரி இருக்கும். எங்கள் கார் போனால் பின்னால் வடை வாசனை வரும். தெருக்காரர்கள் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் ரகசியப் பெருமை.

சிறுநீரகம் கெட்டபின் அவருடைய இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து அறுவை செய்தார்கள். ஊசி போட வசதியாக. அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அதிலிருந்து டின்னைத் தூக்கிக் காரில் ஊற்றுவது என் வேலையானது. அவர் கொட்டகையில் முக்காலி போட்டு உட்கார்ந்து கலப்பதையும் வடிகட்டுவதையும் மட்டும் பார்த்துக்கொண்டார். வேலைக்குப் போகாத, உப்பு சேர்க்காத, அளந்து தண்ணீர் குடிக்கிற மனிதருக்கு அந்தக் கொட்டகை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தேன் நான் செய்ததை.

முதல் தடவை கார் சோர்ந்தபோது நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு மேட்டில் ஏறும்போது பெடலை அழுத்த அழுத்த வேகம் இறங்கியது. எண்பது, அறுபது, நாற்பது. கடைசியில் இரண்டு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. ஓரம் கட்டிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. அன்று இருபது நிமிடம் போனது.

அடுத்த வாரம் முப்பத்தைந்து நிமிடம். குளுவாங்கில் எங்களுக்குத் தெரிந்த வொர்க்‌ஷாப் ஒன்று இருந்தது. டயாலிசிஸ் நிலையத்திலிருந்து நடந்தால் பத்து நிமிடம். அதை நடத்துபவர் நாற்பது வயது தாண்டிய நம் ஆள், தாடியில் நரை, என்னை அக்கா என்பார், என் கணவரை அண்ணே என்பார். பானெட்டைத் திறந்து டீசல் ஃபில்டரைக் கழற்றி மோந்து பார்த்தார். வடை வாசனை. சிரித்துவிட்டார்.

"அக்கா, இந்த எண்ணெய் உள்ள போயி பழைய அழுக்க எல்லாம் கழட்டிவுடும். ஃபில்டர் அடச்சிக்கும். அண்ணன்கிட்ட சொல்லுங்க, இத வுட்டுட சொல்லி."

புது ஃபில்டர் போட்டார். இரண்டு தடவை நன்றாகப் போய் வந்தோம். மூன்றாம் தடவை மறுபடியும் நின்றது. ஐம்பது நிமிடம் போனது. அன்று நிலையத்தில் நர்ஸ் அவருடைய கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது. நான் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது நிரம்புவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் என் கோபம் முழுவதும் அந்த எண்ணெய் மேல் போய் உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஏசத் தொடங்கினேன். "உங்க எண்ணெய்தான் உங்கள கொல்லப் போவுது" என்றேன்.

"ஆறு வருசமா ஓடுது. இப்பத்தான் அழுக்கு கழலுதா?" என்றார்.

"அந்த தம்பி சொல்றாரு."

"அவன் மோந்து பாத்து சொல்றான். பெட்ரோல் ஸ்டேஷன்ல விக்கிற டீசல்லயும்தான் பனை எண்ணெய் கலந்திருக்கு. அத யாரும் மோந்து பாக்க மாட்டாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயத்தைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. ஒரு புதன்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் கொண்டுபோய் விட்டார். அவரும் வேலைக்குப் போகிறவர், எத்தனை நாள் கேட்பது. மகள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள், சனி ஞாயிறுதான் வர முடியும். டயாலிசிஸுக்கு சனி ஞாயிறு கிடையாது.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை போகும் வழியில் நாற்பது நிமிடம் நின்றோம். அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நேராக வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். "எல்லாத்தையும் வடிச்சு ஊத்துங்க. ஸ்டேஷன் டீசல் போடுங்க. இன்னொரு ஃபில்டர் மாத்துங்க" என்றேன். அவர் டாங்கியின் அடியில் இருக்கும் நட்டைக் கழற்றி எல்லாவற்றையும் வடித்தார். புது டீசல் ஊற்றினார். திரும்பி வரும்போது கார் ஒரு தடவைகூடச் சிணுங்கவில்லை. அந்த மேட்டில் மூன்றாவது கியரில் ஏறினேன். பக்கத்தில் இருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை நான் செய்தது இதுதான். பழைய எண்ணெய் எடுத்துக்கொண்டு போகும் லோரிக்காரரைக் கூப்பிட்டேன். கொட்டகையில் இருந்த கறுப்பு எண்ணெய், செய்து வைத்திருந்த ஆறு டின், கலக்குவதற்கு வைத்திருந்த பெரிய பீப்பாய், இரும்பு வலை, எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பீப்பாயைத் தூக்கும்போது லோரிக்காரர் தயங்கி அவரைப் பார்த்தார். "அக்கா சொல்ற மாதிரி செய்யுங்க" என்று என் கணவரே சொன்னார். லோரி போன பிறகு முக்காலியை எடுத்து மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

வெள்ளிக்குப் பிறகு திங்கள்தான் அடுத்த முறை. நடுவில் இரண்டு முழு நாள். நோயாளிகளுக்கு அதுதான் பயமான இடைவெளி. நான் தண்ணீரை டீக் கிளாஸில் அளந்துதான் கொடுத்தேன். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை இரவு அவரால் படுக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். திங்கள் காலை செருப்பு காலில் நுழையவில்லை. பேசும்போது இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது.

அன்று வழக்கத்தைவிட முன்னதாக ஒன்பது மணிக்கே கிளம்பினோம். புது ஃபில்டர், புது டீசல். பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்கு. ஒன்பது நாற்பதுக்கு, இரண்டு பக்கமும் செம்பனை மட்டுமே இருக்கும் இடத்தில், கார் சோரத் தொடங்கியது.

பெடலை மிதித்தேன். எழுபது. ஐம்பது. பின்னால் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே முந்திக்கொண்டு போனது. கார் குலுங்கியது, நின்றது. பத்து நிமிடம் காத்திருந்தோம். ஸ்டார்ட் ஆனது. ஒரு இரண்டு மைல் போயிருப்போம், மறுபடியும் நின்றது. இதுவரை இவ்வளவு சீக்கிரம் நின்றதே இல்லை. மணி பத்து. கைப்பேசியைப் பார்த்தேன். சிக்னல் இல்லை.

நான் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். அவர் கேட்டார்.

"இப்ப டாங்கில என்னா இருக்கு?"

"டீசல். ஸ்டேஷன் டீசல்."

"என் எண்ணெய்?"

"ஒரு சொட்டு இல்ல."

தலையாட்டினார். அவ்வளவுதான். நான்தான் சொன்னேனே என்று அவர் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் அந்த உதவியைக்கூடச் செய்யவில்லை.

"பானெட்ட தொற" என்றார்.

மெதுவாக இறங்கி வந்து ஃபெண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்றேன், கேட்கவில்லை. ஃபில்டரின் தலையில் ரப்பர் பொத்தான் மாதிரி ஒரு சின்னக் கைப்பம்பு இருக்கும். அதை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன்.

"எழும்புதா?"

"இல்ல. அமுங்கியே கெடக்கு."

"அப்ப ஃபில்டர் நல்லாத்தான் இருக்கு. டாங்கிலேர்ந்து எண்ணெய் வரல." மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "ஸ்ட்ரா போட்டு எளநி குடிக்கறப்ப வழுக்க வந்து அடச்சிக்கும் பாத்தியா. உறிஞ்சறத நிறுத்தினா வுழுந்துரும். மறுபடி உறிஞ்சினா மறுபடி ஒட்டிக்கும். அதான் பத்து நிமிசம் நிறுத்தினா ஓடுது."

இதை அவர் எப்போது கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. ஒருவேளை மூன்று வாரமாகத் தெரிந்தே இருந்திருக்கும், நான் ஏசிய ஏச்சில் சொல்ல இடம் கிடைத்திருக்காது. நான் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது.

டாங்கி மூடியைத் திறந்து வைக்கச் சொன்னார். பின் பக்கம் போய்த் திறந்துவிட்டு வந்தேன். காரின் பின் பெட்டியிலிருந்து குறடை எடுத்து, ஃபில்டருக்கு வரும் ரப்பர் குழாயின் கிளிப்பைத் தள்ளிக் குழாயைப் பிடுங்கினேன். கையெல்லாம் டீசல்.

"வாயில வச்சி ஊது. நல்லா ஊது."

"வாயிலயா?"

"நான் ஊதிருவேன். எனக்கு மூச்சு இல்ல."

சட்டை நுனியால் குழாய் முனையைத் துடைத்துவிட்டு ஊதினேன். முதலில் போகவில்லை. சுவரில் ஊதுகிற மாதிரி இருந்தது. காது அடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் காரைப் பிடித்துப் பிடித்துப் பின் பக்கம் நடந்து போய் டாங்கி வாயில் காதை வைத்தார். எட்டடி தூரத்துக்கு அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. நான் இன்னொரு தடவை மூச்சை இழுத்து, மூன்று வாரத்துக் கோபத்தையும் சேர்த்து ஊதினேன். எதிர்ப்பு சட்டென்று விட்டது. காற்று உள்ளே போனது.

"பொளபொளன்னு சத்தம் கேக்குது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "வுழுந்திருச்சி."

குழாயை மாட்டினேன். கைப்பம்பை அமுக்கினேன். இந்த முறை அது எழும்பி எழும்பி வந்து, கடைசியில் கல் மாதிரி இறுகியது. அவர் டாங்கி மூடியைத் திருகிவிட்டு, அங்கேயே காரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"உள்ள ஏதோ ஒன்னு கெடக்கு. ஊத்தறப்ப என்னா வுழுந்துச்சு?"

"ஒன்னும் வுழல" என்றேன். யோசிக்காமல் வந்த பதில் அது.

ஊத்தறப்ப என்ற சொல் காதில் விழுந்து, கார்க் கதவைத் திறப்பதற்குள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அவர் இரும்பு வலையில் வடிகட்டித்தான் டின்னில் அடைப்பார். நான் அதை நேராக டாங்கியில் ஊற்றியிருக்க வேண்டும். ஆனால் ஊற்றும் வேலை என் கைக்கு வந்ததும் எனக்கு மனம் கேட்கவில்லை. இருபது வருடமாக டீ ஆற்றுகிற கை இது. எதையும் வடிகட்டாமல் ஊற்றப் பழகவில்லை. கடையில் பழசாகிப்போய் நான் அடியில் தையல் போட்டிருந்த டீத்துணி ஒன்று இருந்தது. இரும்பு வளையத்தில் நீளமான பை மாதிரித் தைத்திருப்பார்களே, அதுதான். அளவெடுத்த மாதிரி டாங்கி வாயில் போய் உட்கார்ந்தது. அதில் ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறோம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஒருநாள் துணியை எடுக்கும்போது வராமல் உள்ளே எதிலோ மாட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தேன். அடிப்பாகம் கிழிந்து வந்தது. நைந்துபோன துணிதானே என்று குப்பையில் போட்டுவிட்டு அடுத்த வாரத்திலிருந்து வேறு துணி வைத்துக்கொண்டேன். கிழிந்த துண்டு எங்கே என்று பார்க்கவில்லை. கார் முதல் தடவை நின்றது அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து.

அதை அவரிடம் அப்போது சொல்லவில்லை. சொல்லும் நேரமா அது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பயம்தான் காரணம். மணி பத்து இருபது.

"மெதுவா போ. எழுவதுக்கு மேல போவாத. ரொம்ப உறிஞ்ச வுடாத" என்றார்.

வாய் முழுக்க டீசல் ருசி. துப்பவும் நேரமில்லை. மேடு வந்தால் பெடலை மெல்ல மிதித்து, இறக்கத்தில் காலை எடுத்து, பின்னால் வருகிறவர்கள் எல்லாரிடமும் ஹார்ன் வாங்கிக்கொண்டு ஓட்டினேன். அவர் கண்ணை மூடி இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். அவருடைய மூச்சு சத்தமும் இயந்திரத்தின் சத்தமும்தான் காரில். இரண்டில் எது முதலில் நிற்குமோ என்று நான் உண்மையாகவே நினைத்தேன். ரயில் பாதையைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தபோது மணி பத்து ஐம்பது. நிலையத்து வாசலில் சக்கர நாற்காலியை இழுத்து வந்த நர்ஸ் அவரைப் பார்த்ததும் என்னிடம் ஒன்றும் கேட்காமல் நேராக உள்ளே தள்ளிக்கொண்டு போனார். எடை பார்த்தபோது நான்கு கிலோ நீர் கூடியிருந்தது. பதினொன்றுக்கு ஊசி குத்திவிட்டார்கள்.

காரை வொர்க்‌ஷாப்பில் விட்டேன். "டாங்கிய எறக்குங்க. உள்ள ஏதோ இருக்காம்" என்றேன். டீசலை வடித்து, டாங்கியைக் கழற்றி இறக்க அவருக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. கொக்கி போட்ட கம்பியை உள்ளே விட்டுத் துழாவி, மெதுவாக வெளியே இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணி. டீச் சாயம் ஏறிய பழுப்பு. ஓரத்தில் நான் போட்ட தையல்.

அவர் அதைக் கம்பி நுனியில் தூக்கிப் பிடித்தார்.

"துணி அக்கா. யாரு போட்டது?"

"தெரிலயே. இந்தக் காடிய முன்ன வச்சிருந்தவங்க வேலையா இருக்கும்."

அவர் துணியைத் திருப்பிப் பார்த்தார். "ஆறு வருசம் உள்ள கெடந்தா இந்நேரம் கூழாயிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அதை ஒரு தகரத் தட்டில் போட்டார். நான் வேர்த்துப்போய் வெளியே வந்தேன்.

நிலையத்துக்கு நடந்தேன். நடக்கும்போது கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். இருபது, முப்பத்தைந்து, ஐம்பது, நாற்பது. இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். அவருடைய உயிரிலிருந்து நான் அறுத்து எடுத்த நேரம் அது. அதற்கு நான் அவரையே ஏசியிருக்கிறேன், அவருடைய பீப்பாயை லோரியில் ஏற்றியிருக்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். மூச்சு கொஞ்சம் இறங்கியிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் குனிந்து சொன்னேன். டீத்துணி, கிழிந்தது, தேடாமல் விட்டது, எல்லாம். இடையில் அழுதுவிட்டேன். முடித்ததும் அவர் கேட்டார்.

"அவன்கிட்ட என்னா சொன்ன?"

"முன்ன வச்சிருந்தவங்க போட்டிருப்பாங்கன்னு சொன்னேன்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாமல், வயிறு குலுங்க. ஊசி குத்திய கை அசைந்து இயந்திரம் கூவியது. நர்ஸ் ஓடி வந்து எங்கள் இருவரையும் ஏசினார். அவர் கையைச் சரி செய்துகொண்டு, "போ, காடிய எடுத்துட்டு வா. மணியாவுது" என்று என்னை அனுப்பினார். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பாதி மனத்தோடு நடந்தேன். பொய்யை மட்டுமாவது திருத்திவிட வேண்டும் என்று தோன்றியது. குளுவாங் வெயிலில் வாக்கியத்தை மனத்துக்குள் நான்கைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தம்பி, அந்தத் துணி என்னுது.

வொர்க்‌ஷாப்பில் டாங்கியை மாட்டி முடித்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேசிவிட்டார்.

"அண்ணன் போன் பண்ணாரு அக்கா. அவரு வேலைதானாம். எண்ணெய் ஊத்தறப்ப கை தொடைக்கிற துணி உள்ள வுழுந்திருச்சாம். அக்காகிட்ட சொல்லாத, ஏசும்னு சொன்னாரு." சிரித்துக்கொண்டு கையைத் துடைத்தார். "நானும் சொல்ல வேணாம்னுதான் பாத்தேன். ஆனா நீங்க அண்ணன இனிமே அந்த எண்ணெய் பக்கமே வுடாதீங்க. நான் மொதல்லயே சொன்னேன் இல்ல."

நான் அங்கே இருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் தொழிலில் இருக்கிற ஒருவரிடம் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். முப்பது வருடம் இயந்திரத்துக்குள் கை வைத்தவர். ஒரு நட்டைக்கூட எண்ணாமல் மூடாதவர். என் எண்ணெய் மேல் குற்றமில்லை என்று மூன்று வாரம் என்னோடு மல்லுக்கு நின்றவர். அது நிரூபணமான அரை மணி நேரத்தில், ஊசி குத்தாத கையால் கைப்பேசியை எடுத்து, டாங்கிக்குள் துணியை விட்டவன் நான்தான் என்று இன்னொரு மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறார்.

"அவரு நாலு மாசமா ஒரு டின்ன தூக்கல தம்பி" என்றேன். "கைல ஆப்பரேசன். தூக்கக் கூடாது. ஊத்தினதெல்லாம் நான். அது என் கடை டீத்துணி. அவரு எண்ணெய்ல ஒன்னும் இல்ல. நீங்க வெள்ளிக்கெழம ஊத்தின ஸ்டேஷன் டீசல்லயும் அது நின்னிச்சு."

அவர் தகரத் தட்டில் கிடந்த துணியைப் பார்த்தார். ஓரத்துத் தையலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நானும் மோந்து பாத்துட்டு பேசிட்டேன்" என்றார். அண்ணனிடம் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. அவரே கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை.

நான் திரும்பியபோது மூன்று மணி. நான்கு மணி நேரமும் முழுசாகக் கிடைத்திருந்தது. நர்ஸ் பஞ்சு வைத்துக் கட்டிய கையோடு அவரை எடை மேடையில் நிறுத்தினார். நீர் இறங்கியிருந்தது. செருப்பு காலில் நுழைந்தது. கார் வரைக்கும் என் தோளைப் பிடிக்காமல் நடந்தார்.

ஊர் எல்லையைத் தாண்டினோம். மேடு வந்தது. பயந்துகொண்டே மிதித்தேன். கார் ஏறியது, தயக்கமே இல்லாமல். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், முகம் சுளிக்கவில்லை.

"ஏன் அப்படி சொன்னீங்க அவருகிட்ட?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் வழியாகச் செம்பனையைப் பார்த்துக்கொண்டே வந்தார். மேடு முடிந்து சாலை நேரானபோது, கண்ணைத் திருப்பாமல் கேட்டார்.

"நாளைக்கி கடைல எவ்ளோ பொரிக்கப் போற?"

"உங்களுக்கு எவ்ளோ எண்ணெய் வேணும்?" என்றேன்.